ஒரே பெயரில் இரண்டு துறைகள்

ஒருவருடைய ஆய்வுக் கட்டுரைப் பட்டியலைத் திறக்கிறோம். முதல் கட்டுரை மாணவர்களின் கற்றல் ஊக்கம் பற்றியது. அடுத்தது, மண்ணில் நைட்ரஜன் கூடும்போது புல்வெளியில் எந்தெந்தச் செடிகள் காணாமல் போகின்றன என்பது. அப்புறம் தேர்வு பயம். மறுபடியும் விதை முளைப்பு. கல்வி உளவியலும் தாவரச் சூழலியலும் மாறி மாறி வருகின்றன. பார்த்தவுடன் பெரும்பாலானவர்கள் கேட்பது, "இது ஒரே ஆள்தானா?"

நியாயமான கேள்விதான். ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டும் கூகுள் ஸ்காலர் பக்கத்தை அதன் போக்கில் விட்டுவிட்டால், பெயர் ஒத்துப்போகிற இன்னொருவரின் கட்டுரைகளையும் தானாக இழுத்துப் போட்டுக்கொள்ளும். அந்தக் குழப்பத்துக்காகத்தான் ஆய்வாளர்களுக்குத் தனித்தனி 16 இலக்க அடையாளம் தரும் ஆர்கிட் 2012-இல் வந்தது. அதிலும் கட்டுரைகளை அவரவரே சேர்த்துக்கொள்ள முடியும் என்பதால், அதை மட்டும் நம்பி உட்கார முடியாது. நான் முதலில் பார்ப்பது இணையாசிரியர்களை, அதாவது கட்டுரையைக் கூடச் சேர்ந்து எழுதியவர்களை. ஒரே ஆள் என்றால் எங்கோ ஒரு கட்டுரையிலாவது இரண்டு உலகமும் உரசியிருக்கும்: பொதுவான ஒரு இணையாசிரியர், இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒரு தலைப்பு, குறைந்தபட்சம் அதே காலத்தில் அதே பல்கலைக்கழகம். இரண்டு பட்டியலும் தண்டவாளம் மாதிரி கடைசிவரை தொடாமலே ஓடினால் சந்தேகப்படலாம்.

சரி, ஒரே ஆள்தான் என்று உறுதியாகிவிட்டது. அடுத்து வருகிற முணுமுணுப்போடுதான் எனக்குச் சண்டை. "அப்படியானால் இரண்டிலும் அரைகுறை." கட்டுரைகளைத் திறந்துகூடப் பார்க்காமல், தலைப்புகளை மட்டும் வைத்துச் சொல்லப்படுகிற தீர்ப்பு இது. தலைப்பில் இருப்பது ஆராயப்பட்ட பொருள். அந்த ஆளுக்கு என்ன தெரியும் என்பது ஆய்வுமுறைப் பகுதியில் இருக்கிறது.

ஒரு நிலத்துண்டை எரிக்கிறோம், பக்கத்துத் துண்டை எரிக்காமல் விடுகிறோம். இரண்டிலும் சதுரச் சட்டம் வைத்து, அதற்குள் இருக்கிற நாற்றுகளை எண்ணுகிறோம். ஒவ்வொன்றிலும் ஐம்பது சட்டம். தீயின் விளைவைச் சோதிக்க நம்மிடம் எத்தனை மாதிரிகள் இருக்கின்றன? ஐம்பது என்று சொல்லத்தான் கை துடிக்கும். ஆனால் எரிந்த துண்டு ஒன்று, எரியாத துண்டு ஒன்று, அவ்வளவுதான். எரிந்த துண்டு இயல்பிலேயே கொஞ்சம் ஈரமான மண்ணாக இருந்திருந்தால், ஐம்பது சட்டமும் அதே ஈரத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும். சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் ஒரு கட்டுரையில் இந்தத் தவறுக்கு சூடோரெப்ளிகேஷன் என்று பெயர் வைத்து, தன் துறைக்காரர்களை வறுத்தெடுத்தார். சூழலியல் மாணவர்கள் பலர் இன்றைக்கும் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் களத்துக்குப் போகிறார்கள்.

இப்போது நிலத்துண்டை எடுத்துவிட்டு வகுப்பறையை வையுங்கள். ஒரு வகுப்பில் புதிய கற்பித்தல் முறை, இன்னொன்றில் பழையது. வகுப்புக்கு நாற்பது மாணவர்கள். எண்பது பேரைச் சோதித்தோம் என்று எழுதிவிடலாம்தான். ஆனால் நாற்பது பேருக்கும் ஒரே ஆசிரியர். அவர் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறவர் என்றால், மதிப்பெண் ஏறியது முறையாலா அவராலா என்று பிரிக்க வழியே இல்லை. மாணவர் வகுப்புக்குள், வகுப்பு பள்ளிக்குள். செடி சட்டத்துக்குள், சட்டம் நிலத்துக்குள். கணக்கு ஒன்றேதான். இரண்டு துறைக்காரர்களும் கடைசியில், இப்படி ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய தரவுகளைக் கையாளும் அதே பலநிலைப் புள்ளியியல் முறைகளிடம்தான் போய் நிற்கிறார்கள். ஒன்றில் கைதேர்ந்தவர் இன்னொன்றில் நுழைவதில் என்ன அதிசயம்?

வரலாற்றிலும் இந்தப் போக்குவரத்து புதிதல்ல. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1919-இல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்து, பயிர் வயல்களை வைத்துத்தான் சோதனை வடிவமைப்பு முறைகளை உருவாக்கினார். அவற்றைக் கல்வி ஆய்வுக்குள் கொண்டுவந்ததில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஈ. எஃப். லிண்ட்குவிஸ்டுக்குப் பெரிய பங்கு உண்டு. சரக்கு திரும்பியும் வந்தது. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் முறைக்கு மெட்டா அனாலிசிஸ் என்று 1976-இல் பெயர் வைத்தவர் ஜீன் கிளாஸ், கல்வி ஆய்வுக்காரர். தாவரச் சூழலியல் அதை ஆர்வத்தோடு பிடித்துக்கொண்டது. 1999-இல் சூழலியல் சோதனைகளுக்கான மெட்டா அனாலிசிஸ் பற்றி ஒரு கட்டுரை வந்தது. லாரி ஹெட்ஜஸ், ஜெசிகா குரெவிட்ச், பீட்டர் கர்டிஸ் என்று மூன்று பெயர்கள். ஹெட்ஜஸ் கல்வி ஆய்வில் பெயர் பெற்ற புள்ளியியலாளர், மற்ற இருவரும் தாவரச் சூழலியலாளர்கள். அந்தக் கட்டுரையைச் சூழலியல்காரர்கள் இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள். அதைப் பார்த்து யாரும் ஹெட்ஜஸை அரைகுறை என்று சொன்னதாகத் தெரியவில்லை.

இதைச் சொன்னதும் சிலர் மறுபக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். ஆசிரியர் தோட்டக்காரர், மாணவர் நாற்று என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. உதாரணத்துக்கு, சற்று முன்னால் முளைத்த நாற்று உயர்ந்து வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது, பின்னால் முளைத்தது அதன் நிழலில் திணறுகிறது. தொடக்க வகுப்புகளிலும் ஒரே வகுப்பில் சில மாதம் மூத்த பிள்ளைகள் சராசரியாகக் கூடுதல் மதிப்பெண் வாங்குகிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் நாற்று பக்கத்து நாற்றின் வெளிச்சத்தை நிஜமாகவே பறிக்கிறது. மூத்த பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொண்டதால் இளைய பிள்ளையின் வாசிப்பு குறைந்துவிடுவதில்லை. அங்கே வேலை செய்வது வயது வளர்ச்சி, ஆசிரியரின் எதிர்பார்ப்பு, திறமைப்படி குழுப் பிரிப்பது போன்ற வேறு சங்கதிகள். ஒற்றுமை எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பதைச் சட்டென்று காட்ட, இரண்டு துறையிலும் கை நனைத்தவர்தான் வேண்டும்.

அப்புறம், ஒரு ஆய்வாளரை ஒரே எண்ணால் அளக்கிற எச்-இன்டெக்ஸ். 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொடுத்தது. எச் கட்டுரைகளுக்கு ஒவ்வொன்றும் குறைந்தது எச் மேற்கோள்கள் இருந்தால் உங்கள் எண் எச். ஒருவருக்குக் கல்வி உளவியலில் பத்துக் கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் பத்து மேற்கோள் என்று வைத்துக்கொள்வோம். எண் 10. அவரே தாவரச் சூழலியலிலும் பத்துக் கட்டுரை எழுதி, அவற்றுக்கும் தலா பத்து மேற்கோள் கிடைக்கிறது. இப்போது மொத்தம் இருபது கட்டுரை, இருநூறு மேற்கோள். எண்? அதே 10. இரண்டாவது துறையில் கொட்டிய உழைப்பு முழுவதும் இந்த எண்ணில் பூஜ்யம். துறைக்குத் துறை இந்த எண் மாறும், ஒப்பிடும்போது கவனம் வேண்டும் என்று ஹிர்ஷே அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். வேலைக்கு ஆள் எடுக்கிற தேர்வுக் குழுக்கள் அந்தப் பத்தியை மட்டும் வசதியாகத் தாண்டிவிட்டன.

இரண்டு துறைகளும் வெறும் கணக்கில் மட்டும்தான் சந்திக்கின்றன என்றும் இல்லை. மனிதர்கள் தங்களைச் சுற்றி இருக்கிற செடிகளைக் கவனிப்பதே இல்லை என்கிற விஷயத்தை ஜேம்ஸ் வாண்டர்சியும் எலிசபெத் ஷுஸ்லரும் 1990-களின் இறுதியில் ஆராயத் தொடங்கினார்கள். காட்டுப் படத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டால் பலர் மானைச் சொல்வார்கள், படம் முழுக்க நிறைந்திருக்கிற மரங்களைச் சொல்லமாட்டார்கள். இது கவனம் பற்றிய உளவியல் கேள்வி, பாடத்திட்டம் பற்றிய கேள்வி, தாவரப் பாதுகாப்புக்கு யார் குரல் கொடுப்பார்கள் என்கிற கேள்வியும்தான். இதை எந்த ஒற்றைத் துறைக்காரரிடம் கொடுப்பீர்கள்?

மறுபுறம், எல்லாக் கலவைப் பட்டியலும் உயர்ந்தது என்று சான்றிதழ் கொடுக்க நான் தயாரில்லை. காசு கொடுத்து, எழுதாத கட்டுரையில் தன் பெயரைச் சேர்த்துக்கொள்கிற வியாபாரம் நடக்கிற காலம் இது. சம்பந்தமில்லாத ஐந்தாறு துறைகளில், ஒவ்வொரு முறையும் முன்பின் தெரியாத இணையாசிரியர்களோடு, ஒரே வருடத்தில் கட்டுரைகள் கொட்டினால் எனக்கும் புருவம் உயரும். பங்களிப்புக் குறிப்பைப் பாருங்கள். இப்போது பல ஆய்விதழ்கள் கிரெடிட் என்ற வகைப்பாட்டில் உள்ள 14 பணிகளில் யார் எதைச் செய்தார்கள் என்று எழுதச் சொல்கின்றன. இருபது கட்டுரையிலும் ஒருவர் புள்ளியியல் பகுப்பாய்வு மட்டும் செய்திருந்தால் அவர் புள்ளியியலாளர். அது கௌரவமான வேலை. அவரை அப்படியே மதிப்பிடலாம், செடியின் பெயர் தெரியுமா என்று மடக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு அடிக்கடி சொல்லப்படும் அறிவுரை ஒன்று உண்டு: விண்ணப்பிக்கும் இடத்துக்கு ஏற்ப பாதிப் பட்டியலை மறைத்துவிடு. செய்யாதீர்கள். செடிக் கட்டுரைகளை எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் காலியாகத் தெரியும். நேர்காணலில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். மறைப்பதற்குப் பதில் பட்டியலுக்கு மேலே நான்கு வரி எழுதுங்கள்: எந்தக் கேள்வி உங்களை அங்கே கொண்டுபோனது, எந்த முறையை எடுத்துக்கொண்டு போனீர்கள், என்னத்தைத் திருப்பிக் கொண்டுவந்தீர்கள். குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒரு கட்டுரையை எடுத்து, இரண்டையும் அந்தந்தத் துறைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லட்டும். ஒரு மதியம் போதும் அதற்கு.