சந்து நீவிப் புல் முடிந்திடுமின்

'என்னை நானே கண்டுகொண்ட பயணம்' என்ற மாதிரித் தலைப்போடு வரும் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரு குறை இருக்கும். போன வழி அதில் இருக்காது. எங்கே திரும்பினார், என்ன சாப்பிட்டார், செருப்பு எங்கே கடித்தது, ஒன்றும் தெரியாது. இரண்டாம் பத்தியிலேயே 'உள்ளுக்குள் ஏதோ மாறியது' என்று வந்துவிடும். மாறியிருக்கலாம். ஆனால் வழியைச் சொல்லத் தெரியாதவர் மாற்றத்தைச் சொன்னால் நம்புவதற்குக் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது.

நம்மிடம் பயணத்துக்கென்றே ஓர் இலக்கிய வகை இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. சங்க இலக்கியத்துப் பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து நூல்கள், ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. பரிசு பெற்றுத் திரும்புகிற ஒரு கலைஞன், வழியில் எதிர்ப்படும் பசித்த கலைஞனுக்கு 'இப்படிப் போ' என்று சொல்வதுதான் இதன் அமைப்பு. 'பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ' என்கிறது தொல்காப்பியம். பள்ளியில் இதை 'மன்னனைப் புகழும் நூல்' என்று இரண்டு மதிப்பெண் விடையாகப் படித்துவிட்டு மறந்துபோனோம். புகழ்ச்சி இருக்கிறது, நிறையவே. அதைத் தள்ளிவைத்துவிட்டு வழியை மட்டும் படித்துப் பாருங்கள் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

அந்த ஐந்தில் ஒன்றான மலைபடுகடாத்திலிருந்து தொடங்குங்கள். 583 அடி. பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் செங்கண்மாத்து வேள் (சிற்றரசன்) நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிரமலையைப் போளூர்ப் பக்கத்துப் பர்வதமலை என்று அறிஞர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். எடுத்த எடுப்பில் கூத்தர்கள் மூட்டை கட்டும் காட்சி. முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குறும்பரந்தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என்று பத்து வாத்தியங்களின் பெயர் வரும், அதற்கு மேல் 'பிறவும்' என்று ஒரு சொல். பலாமரத்தில் காய் கொத்தாகத் தொங்குவதுபோல அத்தனையையும் காவடித் தண்டில் கட்டித் தூக்குகிறார்கள். 'நேர்சீர் சுருக்கி' என்கிறார் புலவர். இரண்டு பக்கமும் கனம் ஒத்திருக்க வேண்டும் என்பது உரை. காவடி எடுத்தவர்களைக் கேளுங்கள், ஒரு பக்கம் கால் கிலோ கூடினாலே இரண்டாவது மைலில் தோள்பட்டை சொல்லிவிடும்.

படிக்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வாக்கியங்கள் நீளம். பத்து இருபது அடி தாண்டித்தான் வினைமுற்று வரும். அகராதியைப் பிடித்துக்கொண்டு முதல் அடியிலிருந்து சொல் சொல்லாகப் போனால் பதினைந்தாவது அடியில் தூக்கம் வந்துவிடும். இதற்கு எளிய வழி, கையில் ஒரு பென்சில். 'மின்' என்று முடியும் ஏவல் வினைகளை மட்டும் முதலில் அடிக்கோடிடுங்கள். கழிமின், இடுமின், வதிமின். அடுத்த சுற்றில் 'பெறுகுவிர்' போன்ற சொற்களைக் குறியுங்கள், அவை சாப்பாட்டைக் காட்டும். இரண்டு சுற்று முடிந்ததும் பாட்டின் வரைபடம் கையில் வந்துவிடும். மூன்றாவது சுற்றில் உரையைத் திறந்தால் போதும். உ.வே.சா. 1889இல் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தாரே, அந்த உரைதான் இன்றைக்கும் ஆதாரம்.

அந்த 'மின்'கள் என்ன சொல்கின்றன? தினைப்புனத்து வழியில் காட்டுப்பன்றிக்குக் கல்பொறி வைத்திருப்பார்கள், அதனால் இருட்டில் நடக்காதீர்கள், விடியும்வரை தங்கிவிட்டுக் கிளம்புங்கள். யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், எமன் மாதிரி வரும், மரத்தை மறைவாக வைத்துக்கொண்டு கடந்துபோங்கள். வழுக்குகிற இடத்தில் கொடி சுற்றிய பற்றுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு, குழந்தைகளோடு 'ஒருவிர் ஒருவிர் ஓம்பினிர் கழிமின்', ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போங்கள். இருட்டினால் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோலக் கல்குகைக்குள் போய்த் தங்குங்கள். வழி பிரிகிற இடத்தில் 'சந்து நீவிப் புல் முடிந்து இடுமின்', அதாவது சந்தியைக் கையால் துடைத்துச் சுத்தம் செய்து புல்லை முடிந்து வையுங்கள்.

இந்தப் புல்முடிச்சில் கொஞ்சம் நிற்க வேண்டும். முன்னால் போகிறவனுக்கு அந்த முடிச்சால் ஒரு பயனும் இல்லை. அவனுக்குத்தான் வழி தெரிந்துவிட்டதே. பின்னால் வருகிறவன் தவறிப்போகக் கூடாது என்பதற்காக நின்று, குனிந்து, தரையைத் துடைத்து, புல்லை முடிகிறான்.

இன்றைக்கும் பர்வதமலை ஏறுகிறவர்களுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்துகிறது. சுமார் 4,500 அடி உயரம். மேல் பகுதியில் பாறையில் செருகிய கடப்பாறைப் படி, சங்கிலி. பௌர்ணமி இரவில் ஏறும் வழக்கம் இருந்துவந்தது. ஆனால் முதல்முறை ஏறுகிறவர் பகல் வெளிச்சத்தில் ஏறுவது நல்லது, புலவர் சொன்ன அதே காரணத்துக்காக. கால் வைக்கும் இடம் தெரியாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரை ஒரே பக்கம் தொங்கவிடாமல் முதுகுப்பையில் நடுவாக வையுங்கள், கடப்பாறையில் ஏறும்போது பை ஒரு பக்கம் இழுத்தால் ஆபத்து. வழவழப்பான ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டி போகும், காலைப் பக்கவாட்டில் வைத்துச் சின்ன அடியாக இறங்க வேண்டும். கூட்டத்தில் மெதுவாக நடப்பவரைக் கடைசியில் விடக் கூடாது, நடுவில் விடுங்கள். ஒருவிர் ஒருவிர்.

சரி, தன்னைக் கண்டுகொள்வது எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். சிறுபாணாற்றுப்படையில் வருகிறது. 269 அடி, நல்லூர் நத்தத்தனார் பாடியது. 130ஆம் அடியிலிருந்து பத்தே பத்து அடி. கண் திறக்காத குட்டிகள் பால் குடிக்க முட்டுகின்றன, மடியில் பால் இல்லை, ஈன்ற நாய் வலி பொறுக்காமல் குரைக்கிறது. அது கிடக்கும் இடம் சமையலறை! அடுப்பு எரிந்தால்தானே நாய் வேறிடம் பார்க்கும். பசியால் இடுப்பு ஒடுங்கிய கிணைமகள், அதாவது கிணைப்பறை கொட்டுபவரின் வீட்டுப் பெண், குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். யாராவது பார்த்துவிடுவார்களே என்று நாணி, 'கடை அடைத்து', கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தோடு சேர்ந்து தின்கிறாள்.

இதைச் சொல்பவன் யார்? பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடனிடம் யானையும் தேரும் வாங்கிக்கொண்டு திரும்புகிற பாணன். வீட்டுப் பெண் வெட்கப்பட்டுச் சாத்திய கதவை, வழியில் பார்த்த முன்பின் தெரியாத ஒருவனுக்குத் திறந்து காட்டுகிறான். தேர்மேல் உட்கார்ந்திருப்பவன் அந்தக் கீரையை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. 'யாம் அவண்நின்றும் வருதும்', நாங்கள் அங்கிருந்துதான் வருகிறோம் என்கிறான். எதிரில் நிற்கும் பசித்த முகம் நேற்றைய தன் முகம் என்று தெரிந்தவனால்தான் இப்படிப் பேச முடியும். தன்னை அறிவது பற்றி இதைவிடத் துல்லியமான பத்து அடிகள் தமிழில் இருந்தால் கருத்துப் பெட்டியில் சொல்லுங்கள், சந்தோஷமாகப் படிக்கிறேன்.

பொருநராற்றுப்படையிலும் இது உண்டு, ஆனால் சிரிப்போடு. ஈரும் பேனும் குடியிருந்த, வேர்வையில் நனைந்த, வேறு வேறு நூலால் தைத்த கந்தலைக் களைந்து, பாம்புச் சட்டை போன்ற மெல்லிய துணி கொடுக்கிறான் கரிகாலன். ராத்திரி பகலாகக் கறி தின்று, கொல்லை உழுத கலப்பைக் கொழு மாதிரிப் பல் மழுங்கிப்போயிற்றாம். 248 அடிதான். மலைபடுகடாத்துக்கு அடுத்து இதைப் படியுங்கள், பிறகு சிறுபாணாற்றுப்படை. திருமுருகாற்றுப்படைக்குத் தனியாக வேறு மனநிலை வேண்டும், அங்கே வழி கேட்பவன் பொருளுக்காகப் போகவில்லை. 500 அடிப் பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வண்டியும் மிளகுப் பொதி சுமந்த கழுதையும் சுங்கச் சாவடியும் வருகின்றன. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவசரமாகப் படித்தால் வண்டியெல்லாம் கண்ணில் படாமல் போய்விடும்.