அறுபதுக்கு மேல் கோல்ஃப் டிரைவர் ஷாஃப்ட்: எடையிலிருந்து தொடங்குங்கள்

என்னோடு கோல்ஃப் ஆடும் அண்ணன் ஒருவர் ஆசை ஆசையாகப் புது டிரைவர் (தூரமாக அடிக்கும் நீண்ட கிளப், அதாவது மட்டை) வாங்கினார். மூன்றே சுற்று ஆடினார். இப்போது அது பையிலிருந்து வெளியே வருவதே இல்லை. அதைப் பார்த்ததிலிருந்து மனது கேட்கவில்லை, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அண்ணனுக்கு வயது 71. "வயசாயிடுச்சு, லேசான சீனியர் ஷாஃப்ட் போட்டுக்கோங்க, தானா பறக்கும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஷாஃப்ட், அதாவது கிளப்பின் தண்டு, 40 கிராம் எடை, சீனியர் ஃப்ளெக்ஸ் (எளிதில் வளையும் ரகம்); டிரைவர் 46 அங்குல நீளம். அவர் ஆடுவதை ஒரு முறை பார்த்திருந்தால் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். கிளப்பை மேலே கொண்டுபோனதும் ஒரு கணம்கூட நிற்காமல் வெடுக்கென்று இறக்குகிறவர் அவர். அந்த இழுப்புக்கு 40 கிராம் ஷாஃப்ட் கையில் இருப்பதே தெரிவதில்லை. கிளப்பின் தலை எங்கே வருகிறது என்று புரியாமல் ஒரு பந்து இடது பக்க மரங்களுக்குள், அடுத்தது வலது பக்கப் புல்லுக்குள். பழைய டிரைவரில் தூரம் குறைந்திருந்தாலும் பந்து ஃபேர்வேயில் (நடுவே வெட்டிவிட்ட புல்வெளியில்) கிடந்தது.

என் கதை இதற்கு நேர் எதிர். எனக்கு 56 வயதில் ஒரு ஃபிட்டிங் செய்தார்கள், அதாவது ஸ்விங்கை (கிளப்பை வீசும் விதத்தை) அளந்து அதற்கேற்ற கிளப்பைச் சொல்வது. பக்கத்தில் நான்கு பேர் நிற்கிறார்கள் என்ற நினைப்பில், இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டிப் பத்துப் பந்து அடித்தேன். திரையில் கிளப் தலையின் வேகம் மணிக்கு 99 மைல் என்று வந்தது. 65 கிராம் ஸ்டிஃப் (விறைப்பான) ஷாஃப்ட், 9.5 டிகிரி லாஃப்ட் (கிளப் முகத்தின் சாய்வு) என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று அடித்ததுபோல் மைதானத்தில் நான் ஒரு நாளும் அடித்ததில்லை. ஆனாலும் ஆறு வருடம் அதே ஷாஃப்ட்டோடு மல்லுக்கட்டினேன். பந்து தாழ்வாகக் கிளம்பும், வலது பக்கம் ஒதுங்கும், சீக்கிரம் விழுந்துவிடும். அதை ஈடுகட்ட இன்னும் வேகமாக இழுப்பேன். முழங்கை வலிக்கு ஷாஃப்ட் ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இழுப்புதான் வலியைக் கூட்டியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். ஷாஃப்ட்டின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்தை வயதோடு முடிச்சுப் போடாதீர்கள். எல் (லேடீஸ்), ஏ (சீனியர்), ஆர் (ரெகுலர்), எஸ் (ஸ்டிஃப்), எக்ஸ் (எக்ஸ்ட்ரா ஸ்டிஃப்) என்று எழுத்துகள் இருக்கின்றனவே தவிர, அவற்றுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒருவருடைய ரெகுலர் இன்னொருவருடைய ஸ்டிஃப் அளவுக்கு விறைப்பாக இருக்கும். தோராயக் கணக்கு ஒன்று உண்டு: டிரைவர் வேகம் மணிக்கு 95 மைலுக்கு மேல் என்றால் ஸ்டிஃப், 85 முதல் 95 வரை ரெகுலர், 75 முதல் 85 வரை சீனியர். தேடத் தொடங்க அது போதும், முடிவெடுக்கப் போதாது. ஒரே 88 மைல் வேகத்தில் இரண்டு பேர் இருக்கலாம். ஒருவர் நிதானமாக ஆரம்பித்துக் கடைசியில் வேகம் எடுப்பார், இன்னொருவர் மேலேயிருந்தே பிடித்து இழுப்பார். முதலாமவருக்கு மென்மையான ஷாஃப்ட் இதமாக இருக்கும். இரண்டாமவருக்கு இன்னும் கொஞ்சம் விறைப்பும் எடையும் வேண்டும். வயது ஏறும்போது வேகம் குறைகிறது, ஆனால் ஸ்விங்கின் குணம் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. எங்கள் அண்ணனே அதற்குச் சாட்சி.

அதனால் ஃப்ளெக்ஸுக்கு முன்னால் எடையைப் பாருங்கள் என்கிறேன். அமெரிக்காவில் 1924-லும் பிரிட்டனில் 1929-லும் எஃகு ஷாஃப்ட்டை அனுமதித்தார்கள். அதற்கு முன்பு எல்லாம் ஹிக்கரி மரம்தான். எஃகு போட்ட டிரைவர்களில் ஷாஃப்ட் மட்டுமே 100 கிராமுக்கு மேல் இருக்கும், நீளம் 43 அங்குலத்தை ஒட்டி. கிராஃபைட் (கார்பன் இழை) வந்த பிறகுதான் இப்படி 40, 50, 60 என்று பொறுக்கி எடுக்க முடிகிறது. வயதானவர்களுக்கு இது பெரிய வரம், சரியாகத் தேர்ந்தெடுத்தால். பத்துக் கிராம் குறைத்தால் சிலருக்கு மணிக்கு ஒன்றிரண்டு மைல் கூடுகிறது, சிலருக்கு ஒன்றுமே கூடுவதில்லை. கூடுகிற ஒவ்வொரு மைலுக்கும் சுமார் இரண்டு, இரண்டரை யார்டு கிடைக்கும். ஆனால் தலையின் எடையை உணர முடியாத அளவுக்கு லேசாகிவிட்டால், கிடைத்த யார்டுகளை மரத்துக்குள் தேட வேண்டியிருக்கும். எனக்கு 65-லிருந்து 55 சரியாக அமைந்தது. 45-ஐயும் அடித்துப் பார்த்தேன், கைகள் உடம்பை முந்திக்கொண்டு ஓடின.

நீளத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. கடையில் கிடைக்கும் டிரைவர்கள் பெரும்பாலும் 45.5 அங்குலத்துக்குக் குறைவதில்லை, தூரம் கூடும் என்ற நம்பிக்கைதான் காரணம். 2021-இல் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் ஃபில் மிக்கெல்சன் 50 வயதில் பிஜிஏ சாம்பியன்ஷிப் வென்றபோது அவர் கையில் இருந்தது ஏறக்குறைய 48 அங்குல டிரைவர். உண்மைதான். ஆனால் அவர் மிக்கெல்சன். (மேல்மட்டப் போட்டிகளில் 46 அங்குலத்துக்கு மேல் கூடாது என்று கட்டுப்படுத்தும் விதி 2022-இல் வந்துவிட்டது. நம்மைப் போன்றவர்களுக்கு இப்போதும் 48 வரை அனுமதி உண்டு.) நாம் பந்தை முகத்தின் நடுவில் அடித்தால்தான் தூரம். முகத்தின் குதிகாலிலோ (தண்டை ஒட்டிய ஓரம்) நுனியிலோ பட்டால், நீளமான ஷாஃப்ட் கொடுத்த தூரத்தைவிட அதிகம் இழந்துவிடுவோம். நான் 44.75-க்கு வெட்டிக்கொண்டேன். ஒன்றைக் கவனியுங்கள்: பிடிக்கிற பக்கம் வெட்டினால் தலை லேசாகத் தெரியும், ஷாஃப்டும் சற்று விறைப்பாகத் தோன்றும். வெட்டிய பிறகு தலையில் சில கிராம் சேர்க்கச் சொல்லுங்கள். எனக்கு முதலில் அது தெரியாமல் இரண்டு வாரம் குழம்பினேன்.

டார்க், கிக் பாயின்ட் என்று இன்னும் இரண்டு சொல்வார்கள். டார்க் என்பது ஷாஃப்ட் எவ்வளவு முறுக்குகிறது என்ற அளவு, கிக் பாயின்ட் எங்கே அதிகம் வளைகிறது என்பது. இவற்றால் வரும் வித்தியாசம் நம் வேகத்தில் சிறியது. அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் லாஃப்ட்! ஷாஃப்ட்டின் மேல் போடும் பழியில் பாதி லாஃப்ட்டுக்குச் சேர வேண்டியது. வேகம் குறையக் குறைய பந்து உயரமாகக் கிளம்ப வேண்டும், இல்லையென்றால் காற்றில் தங்காது. தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டக்காரர்கள் 9 டிகிரி வைத்திருக்கிறார்கள் என்றால் அவர்களுடைய வேகம் 110-க்கு மேல். 85 மைல்காரர் 11, 12 டிகிரி வைத்துக்கொள்ள எந்தத் தயக்கமும் வேண்டாம். நான் 9.5-லிருந்து 11-க்கு மாறினேன், கூடவே 55 கிராம் ரெகுலர் ஷாஃப்ட். என் வேகம் இப்போது 91 மைல்தான். பந்து கிளம்பும் கோணம் 10 டிகிரியிலிருந்து 14 ஆனது. காற்றில் போகும் தூரம் 192 யார்டிலிருந்து 205 ஆனது. ஆறு வருடப் போராட்டத்துக்குக் கிடைத்த பதில் இவ்வளவு எளிமையாக இருந்தது எனக்கு வருத்தமும் தந்தது, சந்தோஷமும் தந்தது.

சரி, ஃபிட்டிங்குக்குப் போகிறவர்கள் தயவுசெய்து என்னைப் போல் அடிக்காதீர்கள். முடிந்தால் ஒன்பது குழி ஆடிவிட்டுப் போங்கள், உடம்பு கொஞ்சம் களைத்திருக்கட்டும். அதுதான் 14-வது குழியின் டீயில் (முதல் அடி அடிக்கும் இடத்தில்) நிற்கப்போகும் உங்கள் உடம்பு. பழைய டிரைவரையும் கொண்டுபோய் முதலில் அதையே அடித்து அளந்துகொள்ளுங்கள். மிக நீளமாகப் போன ஒரு பந்தைக் காட்டி ஆசைகாட்டினால் மயங்காதீர்கள். பத்துப் பந்தும் எங்கே விழுந்தன என்று பாருங்கள், மோசமான மூன்று எவ்வளவு மோசம் என்று கேளுங்கள். தலை பழையதாக இருந்தாலும் நல்ல நிலையில் இருந்தால் ஷாஃப்ட்டை மட்டும் மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். ஷாஃப்ட்டைத் தலையில் மாட்டும் அடாப்டர் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு, அதை மட்டும் சரிபார்க்க வேண்டும். விரல் மூட்டு வலி இருப்பவர்கள் அன்றைக்கே சற்றுத் தடிமனான கிரிப்பையும் (கைப்பிடி உறை) பிடித்துப் பார்க்கலாம்.

அண்ணனிடம் நேற்றுப் பேசினேன். அந்தப் புது டிரைவரின் தலையில் எந்தக் குறையும் இல்லை. வரும் ஞாயிறு என் பையிலிருக்கும் பழைய 65 கிராம் ஸ்டிஃப்பையும், இன்னொரு நண்பரின் 58 கிராம் ரெகுலரையும் அவருக்குக் கொடுத்து அடிக்கச் சொல்லப்போகிறோம். என் கணிப்பு 58. அறுபதைத் தாண்டியவர்கள் யாராவது ஷாஃப்ட் மாற்றியிருந்தால், எந்த எடையிலிருந்து எந்த எடைக்குப் போனீர்கள் என்று எழுதுங்கள், ஞாயிறுக்குள் அவருக்குக் காட்ட வேண்டும்.