எடை போட்டுட்டுப் போனவங்க திரும்பி வரவே இல்லை

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டித்தான் எங்கள் ஊர். மூன்று வருஷம் முன்னால் ஓர் ஆய்வுக் குழு வந்தது. வீட்டுக்கு ஒரு மணி நேரம் கேள்வி. பிள்ளைகளை எடை போட்டார்கள், மேல்கையில் நாடா சுற்றி அளந்தார்கள், விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். என் அக்கா மகளுக்கு அப்போது 9 வயது. குத்தியபோது அவள் அழவில்லை. "இது எதுக்குச் சித்தி?" என்றுதான் கேட்டாள். வந்தவர்களிடம் கேட்டேன். "அப்புறம் வந்து சொல்றோம்மா" என்றார்கள்.

வரவே இல்லை. பக்கத்து வீட்டு ஆயா இன்னமும் விசாரிக்கிறார், "பாப்பா ரத்தத்துல என்னா இருந்துச்சாம்?"

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. 7 முதல் 12 வயதுப் பிள்ளையிடம் வாய்மொழியாகச் சம்மதம் கேட்க வேண்டும். அப்படியென்றால் அந்த "எதுக்கு?"வுக்குப் பதில் சொன்ன பிறகுதானே ஊசியை எடுத்திருக்க வேண்டும்?

எங்களுக்கு ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை எப்படிச் செய்வது என்று இதே மண் காட்டியிருக்கிறது. 2004-இல் சிப்காட் சுற்றுவட்டார ஊர்க்காரர்களே சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி எடுத்தார்கள். எந்நேரம் நாற்றம் வந்தது, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, அழுகின முட்டை வாடையா, நகப்பூச்சு வாடையா, எல்லாம் நோட்டில் ஏறியது. அதோடு ஒரு வாளி. மூடி போட்ட சாதாரணப் பிளாஸ்டிக் வாளிதான், உள்ளே ஒரு பை. வாளியிலிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே எடுத்தால், வெளிக்காற்று குழாய் வழியாகப் பைக்குள் புகுந்து நிறையும். பை ஆய்வுக்கூடத்துக்குப் போகும். அதுவரை "உங்களுக்குத்தான் அப்படித் தோணுது" என்று கேட்டுப் பழகியவர்கள் கையில் முதல்முறையாக ஒரு தாள் வந்தது. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகளில் ஒன்றாகக் கடலூரைச் சேர்த்தது.

அங்கே கேள்வியே ஊரிலிருந்து பிறந்தது. அதுதான் எனக்கு முக்கியம். எடை போட வந்தவர்கள் எங்களிடம் கேட்டிருந்தால், எந்தத் தாயும் முதலில் எடையைச் சொல்லியிருக்க மாட்டாள். நாற்றம் வரும் ராத்திரிகளில்தான் பிள்ளைக்கு இருமல் கூடுகிறதா? போர் தண்ணீரில் சமைக்கலாமா? அப்பாக்காரர் நைட் ஷிப்ட் முடித்து வரும் உடுப்போடு பிள்ளையைத் தூக்கலாமா? இந்த மூன்றையும்தான் தெருக்குழாயடியில் தினமும் பேசிக்கொள்கிறோம். அவர்களுடைய படிவத்தில் இதில் ஒன்றுகூட இல்லை.

போன வாரம் எங்கள் மகளிர் குழுவில் நான்கு பேர் சேர்ந்து ஒரு நோட்டு போட்டோம். தேதி, நாற்றம், காற்று, எந்த வீட்டில் எந்தப் பிள்ளை இருமியது. காற்றுத் திசை பார்க்க மாடிக் கொடியில் ஒரு ரிப்பன் கட்டியிருக்கிறோம். பார்த்துச் சொல்வது அக்கா மகள். அவளுக்கு இப்போது 12 வயது. இதை அட்டவணையாக்கவும், பிள்ளைகள் பெயர் வெளியே போகாமல் காக்கவும் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். கணக்குப் போட்டதும் முதலில் எங்கள் தெருவில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.