வெனிலா பாட்டிலை ஓரமாக வையுங்கள், நன்னாரி வேரை எடுங்கள்

இந்தக் கோடை விடுமுறை முழுக்க எங்கள் வீட்டில் ஒரே வேலைதான் நடந்தது. நன்னாரி சோடா வாசனையில் பிஸ்கட் சுடுவது. நான்கு முறை தவறி ஐந்தாவது முறைதான் சரியாக வந்தது. வந்த பிறகு மனதில் ஒன்று உறுதியாகிவிட்டது. வீட்டில் கேக், பிஸ்கட் செய்கிற எல்லோரும் எதை எடுத்தாலும் ஒரு மூடி வெனிலா எசென்ஸ் ஊற்றுகிற பழக்கத்தைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, நம் சர்பத் கடையில் இருக்கும் நன்னாரியைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீடு மதுரையில். பள்ளி விடுமுறையில் சாயங்காலமானால் அப்பா என்னை சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்து சர்பத் கடைக்குக் கூட்டிப் போவார். அண்ணாச்சி சாக்குப் பைக்குள் ஐஸ் கட்டியைப் போட்டு மரக்கட்டையால் இரண்டு தட்டுத் தட்டுவார். கண்ணாடி டம்ளரில் இரண்டு விரல் உயரத்துக்கு நன்னாரிப் பாகு, அரை மூடி எலுமிச்சம்பழம், ஊறிய சப்ஜா விதை ஒரு கரண்டி. அப்புறம்தான் சோடா. பெருவிரலால் கோலியை உள்ளே அழுத்துவார், உஸ்ஸென்று ஒரு சத்தம். டம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஊற்றும்போது இளம்பழுப்பு நுரை விளிம்பு வரை ஏறும். நான் உடனே குடிக்க மாட்டேன். முதலில் மூக்கை டம்ளருக்குள் விடுவேன். நுரை உடைந்து முகத்தில் பொடிப்பொடியாகத் தெறிக்கும், கூடவே அந்த வாசனையும். இத்தனை வருடம் கழித்தும் கோடை என்றால் எனக்கு அந்த வாசனைதான்.

கோலி சோடா பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. அதை வடிவமைத்தவர் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர், 1870களின் தொடக்கத்தில். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து வாயுவோடு நிரப்புவார்கள். உள்ளே இருக்கும் அழுத்தமே கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு சேர்த்து அழுத்தி மூடிவிடும். கழுத்தில் இருக்கும் குழிவுகள் எதற்கு என்று சிறுவயதில் யோசித்திருப்பீர்கள். ஊற்றும்போது கோலி உருண்டு வந்து வாயை அடைத்துவிடாமல் நிறுத்தி வைக்கத்தான்.

இப்போது பிஸ்கட்டுக்கு வருகிறேன். முதல் முறை, சோடாவையும் பாகையும் நேராக மாவில் ஊற்றிப் பிசைந்தேன். சோடாவில் இருப்பது கரியமில வாயு, சூடு பட்ட உடனே அது தண்ணீரை விட்டுப் பறந்துவிடும். மிஞ்சியது தண்ணீர்தான். மைதாவில் தண்ணீர் சேர்ந்தால் சப்பாத்தி மாவு போல இழுவை வந்துவிடுகிறது. பிஸ்கட் உதிரவே இல்லை, காய்ந்த ரொட்டி போலக் கடிக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது முறை, தண்ணீர்தானே பிரச்சினை என்று பாகை அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சினேன். வீடெல்லாம் நன்னாரி மணம். மாடியிலிருந்து அக்கா இறங்கி வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டார்கள். பிஸ்கட்டில் மட்டும் சர்க்கரை இனிப்பைத் தவிர ஒன்றும் இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. நன்னாரியின் மணப்பொருள் நீராவியோடு சேர்ந்து கிளம்பிவிடும் வகை. நன்னாரி எண்ணெயைப் பிரித்தெடுப்பதே நீராவி விட்டுத்தான். நான் அடுப்பில் செய்ததும் அதேதான், எண்ணெயைப் பிடித்து வைக்காமல் காற்றில் விட்டுவிட்டேன்.

மூன்றாவது முறை கடையில் வாங்கிய நன்னாரி எசென்ஸ். சூட்டில் அது சோப்பு வாசனையாக மாறியது. தட்டில் வைத்ததை என் மகன் ஒரு கடி கடித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டான். அந்தப் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தபோது வேர் என்ற சொல்லே அதில் இல்லை. சர்க்கரை, நிறம், செயற்கை மணமூட்டி என்றுதான் இருந்தது. இதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. நன்னாரி வேரின் படத்தை முன்னால் போட்டுவிட்டு உள்ளே வேரே இல்லாமல் விற்பது சரியில்லை. சர்பத் பாட்டில் வாங்குகிறவர்கள் தயவுசெய்து பின்பக்கம் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நான்காவது முறை வேரையே பொடித்துச் சேர்த்தேன். வாசனை வந்தது, ஆனால் வாயில் நார் நாராகத் தட்டியது. நன்னாரி வேரில் மணம் இருப்பது மேல்பட்டையில்தான். நடுவில் இருக்கும் வெள்ளை நரம்பு வெறும் மரம். அம்மா கேட்டவுடனே சொன்னார்: "நரம்ப எடுக்காம யாராச்சும் நன்னாரி இடிப்பாங்களாடீ?" பாட்டி காலத்தில் அம்மிக்குழவியால் வேரை லேசாகத் தட்டி, பட்டை விட்டதும் நரம்பை உருவிப் போடுவார்களாம்.

ஐந்தாவது முறை செய்தது இது. கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் வேர் வாங்கினேன். கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி, அம்மா சொன்னபடி தட்டி நரம்பை எடுத்துவிட்டுப் பட்டை மட்டும் 25 கிராம். 150 கிராம் உப்பில்லாத வெண்ணெயை உருக்கி அதில் இந்தப் பட்டையைப் போட்டு, கொதிக்காத வெந்நீருக்கு மேல் பாத்திரத்தை வைத்து, மூடியே அரை மணி நேரம். அப்படியே இரவு முழுக்க விட்டுவிட்டேன். நன்னாரியின் மணப்பொருள் கொழுப்பில் நன்றாகக் கரையும், கரைந்தால் சுலபத்தில் பறந்து போகாது. காலையில் லேசாகச் சூடாக்கி மெல்லிய துணியில் வடிகட்டிப் பிழிந்தேன். வெண்ணெய் வெளிர்பழுப்பாக மாறியிருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தேன். சர்பத் கடையே கைக்கு வந்துவிட்டது.

வடிகட்டியதில் 120 கிராம் வெண்ணெயைக் குளிர வைத்து, பாதி இறுகியதும் 80 கிராம் பொடித்த நாட்டுச் சர்க்கரையோடு அடிக்க வேண்டும். 180 கிராம் மைதா, கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு எலுமிச்சையின் தோல் துருவல், ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. எலுமிச்சைப் புளிப்பும் ஆப்ப சோடாவும் சேரும்போது வருவதும் கரியமில வாயுதான், கோலி சோடாவில் இருக்கும் அதே வாயு. பாட்டிலில் நுரையாக ஏறியது இங்கே மாவுக்குள் சின்னச் சின்ன ஓட்டைகளாக நின்று பிஸ்கட்டை உதிரியாக்குகிறது. மாவை அழுத்திப் பிசையாமல் சேர்த்துப் பிடித்து, அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, 170 டிகிரியில் 13 நிமிடம். எங்கள் வீட்டு அவனில் 13, உங்கள் வீட்டில் ஒன்றிரண்டு நிமிடம் முன்னே பின்னே ஆகலாம். ஓரம் சிவந்தால் போதும்.

மகன் தின்றுவிட்டுக் கேட்டான்: "வாசன நல்லாருக்கும்மா, ஆனா இதுல சுர்ருன்னு கேஸ் எங்க?"

நியாயமான கேள்வி. சோடா குடிக்கும்போது நாக்கில் சுருக்கென்று குத்துவதற்குக் குமிழி மட்டும் காரணம் இல்லை. வாயிலுள்ள ஒரு நொதி கரியமில வாயுவை அமிலமாக மாற்றுகிறது, அந்த அமிலம்தான் குத்துகிறது. அதனால் மேலே தூவ ஒரு பொடி செய்தேன். மூன்று மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை, அரை டீஸ்பூன் எலுமிச்சை உப்பு, கால் டீஸ்பூன் ஆப்ப சோடா. எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கேட்டால் சிட்ரிக் அமிலத்தைக் கொடுப்பார்கள். பிஸ்கட் முழுக்க ஆறிய பிறகுதான் தூவ வேண்டும். ஈரம் பட்டால் தட்டிலேயே பொங்கி அடங்கிவிடும். ஈரம் படாமல் இருந்தால் நாக்கில் எச்சில் பட்டதும் சுர்ரென்று கிளம்பும். மகன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சிரித்ததைப் பார்க்க வேண்டுமே!

வெனிலாவைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வெனிலாவின் மணத்துக்குக் காரணமான வெனிலினும், நன்னாரியின் மணத்துக்குக் காரணமான பொருளும் ஒரே அணுக்களால் ஆனவை. எட்டு கார்பன், எட்டு ஹைட்ரஜன், மூன்று ஆக்சிஜன், இரண்டிலும் அதே கணக்கு. அடுக்கியிருக்கும் இடம் மட்டும் வேறு. அதனாலோ என்னவோ, நன்னாரி வெண்ணெயோடும் சர்க்கரையோடும் பாலோடும் இவ்வளவு இயல்பாகச் சேர்கிறது. மதுரைக்காரர்களுக்கு இது புதிதே இல்லை, ஜிகர்தண்டாவில் பாலும் நன்னாரியும் சேர்ந்துதானே இருக்கின்றன. வெனிலா மெக்சிகோ பக்கத்துக் கொடி. கடையில் நாம் வாங்கும் எசென்ஸில் பெரும்பாலும் அந்தக் கொடியும் இல்லை, ஆலையில் செய்த வெனிலின்தான் இருக்கிறது. அதை விட்டால் கதி இல்லை என்று நினைத்துக்கொண்டு, அதன் உடன்பிறப்பு போன்ற ஒரு வேரை வெயிலுக்குக் குடிக்கிற சர்பத்தோடு நிறுத்திவிட்டோமே என்றுதான் எனக்கு வருத்தம்.

மாகாளிக்கிழங்கு ஊறுகாய் சாப்பிட்டவர்களுக்கும் இந்த வாசனை தெரிந்திருக்கும். அதிலும் மணம் தருவது இதே பொருள்தான். மூட்டைப்பூச்சி வாசனை என்று சிலர் ஒதுக்குவார்கள், பிடித்தவர்களோ அந்த ஊறுகாய் இல்லாமல் தயிர்சாதம் தொட மாட்டார்கள். சில இடங்களில் நன்னாரிக்குப் பதில் அந்தக் கிழங்கையே சர்பத்துக்குப் போடுகிறார்கள். காட்டில் அளவில்லாமல் தோண்டியதால் அது குறைந்து வருகிறது. அதனால் பிஸ்கட்டுக்கு நான் நன்னாரியையே சொல்வேன். அதுவும் 25 கிராம் போதும், வடிகட்டிய பட்டையைக் கூட வீணாக்க வேண்டாம். வெந்நீரில் போட்டு மூடி வைத்தால் இன்னொரு வேளை குடிக்க ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு டப்பா எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். இப்போது சைக்கிள் ஓட்டுவதில்லை, சர்க்கரையும் அளவாகத்தான். என்ன பிஸ்கட் என்று நான் சொல்லவில்லை. ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தார். வாயில் போடவில்லை. உடைத்த இடத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போய்க் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அப்புறம் மெதுவாகத் தின்றார்.

"எலுமிச்ச இன்னும் கொஞ்சம் புழியணும்மா" என்றார். சர்பத் கடையிலும் அண்ணாச்சியிடம் இதையேதான் சொல்வார்.

நேற்றுச் சுட்டதில் இரண்டு பழத்தின் தோலைத் துருவிப் போட்டேன்.