ஆய்வு செய்கிற பிள்ளைக்கும் ஊர் துணை நிற்கட்டும்

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்துவிட்டால், மலேசியாவில் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் பாராட்டு விழாக்கள் களைகட்டும். கோயில் மண்டபத்தில் மாலை, கேடயம், உறையில் கொஞ்சம் பணம். நல்ல வழக்கம், நின்றுவிடக் கூடாது. ஆனால் அதே பிள்ளை பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வை முடித்து, "மாநாட்டில் படைக்கச் சொல்லிவிட்டார்கள்" என்று வந்து நின்றால், ஊரில் யாரும் கண்டுகொள்வதில்லை. இது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என் அக்கா மகள் உளவியல் இளங்கலை மாணவி. தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்த முதியவர்களின் தனிமை பற்றி அவளும் தோழிகளும் ஆய்வு செய்தார்கள். முதலில், ஆய்வால் யாருக்கும் பாதிப்பு வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். அப்புறம் ஒவ்வொருவரிடமும் "பிடிக்கவில்லை என்றால் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம் பாட்டி" என்று விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். ஒரு பாட்டி கேள்வித்தாளை ஓரமாக வைத்துவிட்டு, விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய் நின்ற கதையிலிருந்து ஆரம்பித்தாராம். பிள்ளைகள் அவசரப்படாமல் முழுக்கக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பொறுமைக்கே மாலை போடலாம்.

மாநாட்டில், ஆய்வைச் சுருக்கி அச்சிட்ட சுவரொட்டியின் பக்கத்தில் நின்று, வருகிற பேராசிரியர்களுக்கெல்லாம் விளக்க வேண்டும். "இவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? இந்த அளவுகோல் முதியவர்களுக்குப் பொருந்துமா?" என்று துருவுவார்கள். இருபத்திரண்டு வயதில் அதற்கு நிதானமாகப் பதில் சொல்லிப் பழகுவது பெரிய படிப்பு.

இளங்கலைப் பிள்ளைகளின் சின்ன ஆய்வுதானே என்று சிலர் நினைக்கலாம். 2010இல் ஹென்ரிக், ஹைன், நோரென்சயான் என்ற ஆய்வாளர்கள் மூவரும் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. முன்னணி உளவியல் ஆய்விதழ்களில் ஆராயப்பட்டவர்களில் 96 விழுக்காட்டினர், உலக மக்கள்தொகையில் வெறும் 12 விழுக்காடு உள்ள மேற்கத்திய நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று அதில் சுட்டிக்காட்டினார்கள். மனித மனம் இப்படித்தான் என்று பாடநூல் சொல்வதில் பெரும்பகுதி, நம்மைக் கேட்காமலே எழுதப்பட்டது. இங்கேயும் பல மாணவர்கள் வாட்ஸ்அப்பில் கூகள் படிவத்தை நண்பர்களுக்கு அனுப்பியே பதில் சேர்க்கிறார்கள். ரப்பர் மரத்தில் பால்வெட்டி ஓய்ந்த பாட்டிக்கு அது போய்ச் சேராது. அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார நம் ஊர்ப் பிள்ளைதான் வர வேண்டும். வயது வந்தோரில் மனச்சோர்வு உள்ளவர்கள் 2019இல் 2.3 விழுக்காடு, 2023இல் 4.6 என்கிறது மலேசியாவின் தேசியச் சுகாதார ஆய்வு. அந்தக் கணக்குக்குள் நம் வீட்டு ஆட்களும் இருக்கிறார்கள்.

சரி, செலவுக்கு வருவோம். பதிவுக் கட்டணம், சுவரொட்டி அச்சு, பேருந்து, ஓர் இரவுத் தங்கல். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடனில் படிக்கிற பிள்ளைக்கு இது சுமை. என் அக்கா மகள் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் போனாள். இடம் கிடைத்தும் போகாமல் விட்டவர்கள் எத்தனை பேரோ!

இந்த ஊரில் பிறந்த, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல், தோட்டங்கள் துண்டாடப்படாமல் தொழிலாளர்களே சேர்ந்து வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவு சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து பங்குப் பணம் கட்டினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு மாநாட்டுக் கட்டணம் கட்ட நம்மால் முடியாதா?

கோயில் நிர்வாகங்களும் சங்கங்களும் கல்வி நிதியில் ஒரு பகுதியை இதற்கென்று ஒதுக்க வேண்டும். உதவி பெற்றவர்கள் திரும்பி வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில் தமிழில் பேசட்டும். யார் பெயரும் வெளிவராமல், என்ன கண்டறிந்தோம் என்று சொல்லட்டும். பதில் சொன்ன தாத்தா பாட்டிகள் முன்வரிசையில் இருக்கட்டும். அவர்களுக்குத்தான் அதை முதலில் கேட்க உரிமை.

எங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை முன்மொழியப் போகிறேன். ஊரில் இப்படி ஆய்வு செய்கிற பிள்ளைகள் இருந்தால், எந்தத் துறையானாலும் சரி, எனக்குத் தெரியப்படுத்துங்கள்.