கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்குமா?

அந்த நாற்காலி வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். 1985 பிப்ரவரி 23, அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தின் அசெம்பிளி ஹால். பர்டூ அணியுடன் கூடைப்பந்து ஆட்டம். நடுவர்கள் மேல் கடுப்பான இந்தியானா கோச் பாப் நைட், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கி விட்டெறிகிறார். ஃப்ரீ த்ரோ போட நின்றவருக்கு முன்னால் அது வழுக்கிக்கொண்டே போகிறது. யாருக்கும் அடி இல்லை. பிற்காலத்தில் அவரே அதை ஜோக்காகச் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

நைட்டைப் பற்றிக் குறை சொன்னால் ரசிகர்கள் உடனே லாண்டன் டர்னரை நினைவூட்டுவார்கள். 1981 சாம்பியன் அணியின் வீரர். அதே கோடையில் கார் விபத்து, உடல் செயலிழந்துபோனது. நைட் அவருக்காக அலைந்து நிதி திரட்டினார். அடுத்த சீசனில், சக்கர நாற்காலியில் இருந்தவரை அணியின் கேப்டன்களில் ஒருவராகவும் அறிவித்தார். எல்லாம் உண்மை. படிக்கும்போது எனக்கே தொண்டை அடைத்தது.

ஆனால் இந்தக் கதை எப்போது வெளியே வருகிறது என்று கவனியுங்கள். யாராவது அவர்மேல் புகார் சொல்லும்போதுதான். நம் வீடுகளில் அடிக்கிற அப்பாவுக்கும் பிரம்பெடுக்கிற வாத்தியாருக்கும் சொல்வோமே, 'கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும்' என்று, அதேதான்.

2000 மார்ச்சில் நீல் ரீட் என்ற முன்னாள் வீரர், 1997-ல் பயிற்சியின்போது நைட் தன் கழுத்தைப் பிடித்தார் என்றார். நைட் மறுத்தார். பலரும் ரீட்டைத்தான் சந்தேகப்பட்டார்கள், பாதியில் அணியை விட்டுப் போனவன், வயிற்றெரிச்சல் என்று. ஏப்ரலில் பயிற்சி வீடியோ வெளியானது. கை கழுத்தில் இருந்தது இரண்டு நொடிக்குச் சற்று அதிகம். அது இல்லாவிட்டால் ரீட் இன்றுவரை பொய்யர்தான்.

செப்டம்பரில் இன்னொரு புகார். 'நைட்' என்று மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாணவனின் கையைப் பிடித்து மரியாதை பற்றி வகுப்பெடுத்தாராம். பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. அன்றிரவு மாணவர்கள் கூட்டம் கூட்டமாகப் பல்கலைக்கழகத் தலைவர் வீட்டுக்குப் போனார்கள், கோச்சுக்கு ஆதரவாக!

மூடிய கதவுக்குப் பின்னால் அவர் தங்கம் என்கிறார்கள். சரி, பயிற்சிக்கூடமும் மூடிய கதவுதானே? அங்கே அவரிடம் அன்பைப் பெற்றவர்கள் பேசினால் அது 'உண்மையான நைட்'. அடி வாங்கியவர் பேசினால் அது 'ஏதோ ஒரு நாள் கோபம்'. இந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை. 902 வெற்றி, 3 சாம்பியன் பட்டம் இல்லாத ஒரு கோச்சுக்கு நாம் இவ்வளவு மெனக்கெட்டு நல்ல மனசு தேடுவோமா?

வட கரோலினா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் கோச்சாக இருந்த டீன் ஸ்மித் நினைவுக்கு வருகிறார். 2015-ல் அவர் இறந்த பிறகு, பழைய வீரர்கள் ஒவ்வொருவருக்கும் தபாலில் 200 டாலர் காசோலை வந்தது. வெளியே போய் நல்லா சாப்பிடு, கோச் செலவு என்று ஒரு குறிப்போடு. உயிலில் எழுதி வைத்திருந்தார். அந்தக் கதை எந்தப் புகாருக்கும் பதிலாக வரவில்லை.

ரீட் கலிபோர்னியாவில் பள்ளி ஆசிரியராக இருந்தார். 2012-ல் மாரடைப்பில் இறந்தார், வயது 36. நைட் 2020 பிப்ரவரியில், இருபது ஆண்டு மனத்தாங்கலுக்குப் பிறகு, அசெம்பிளி ஹாலுக்கு வந்தார். அன்றும் எதிரணி பர்டூதான். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.