அமைச்சரை மட்டும் பார்த்தால் போதாது

சீன வெளியுறவுக் கொள்கை பற்றி இங்கே வந்த கட்டுரையில், அதை அந்நாட்டு வெளியுறவு அமைச்சரின் பேச்சுகளை வைத்தே கட்டுரையாளர் எடைபோடுகிறார். அங்கே அமைச்சருக்கு மேலே கம்யூனிஸ்ட் கட்சி இருக்கிறது. 2023-ல் வெளியுறவு அமைச்சராக இருந்த சின் காங்குக்கு நடந்ததைப் பாருங்கள். ஜூன் 25-க்குப் பிறகு ஆளையே காணோம். உடல்நலக் குறைவு என்றார்கள். நிருபர்கள் திரும்பத் திரும்பக் கேட்டும் தகவல் இல்லை என்ற பதில்தான். அமைச்சக இணையதளத்தில் வந்த செய்தியாளர் சந்திப்புப் பதிவுகளிலோ அந்தக் கேள்விகளே இல்லை! ஜூலை 25-ல் பதவி போனது, காரணம் சொல்லப்படவில்லை. அவர் இடத்தில் மறுபடி அமைச்சரான வாங் யீ, கட்சியின் உயர்மட்டக் குழுவான பொலிட்பீரோவின் உறுப்பினர், கட்சியின் மத்திய வெளியுறவு ஆணைய அலுவலகத்தின் தலைவர். அவருடைய பலம் அங்கிருந்துதான் வருகிறது. சின் காங் பொலிட்பீரோவில் இருந்ததே இல்லை. ஷி ஜின்பிங் தலைமையில் இயங்கும் அந்த ஆணையத்தைப் பற்றி அடுத்த கட்டுரையில் விரிவாக எழுதுங்கள் ஐயா.